அவனுக்குப் பின் பிள்ளைக்கு

என் மாமனார் உயிரோடு இருக்கும்போதே நிலத்தை எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்ததற்குப் பக்கத்து ஊரில் நடந்த ஒரு காரியம்தான் காரணம். அந்த ஊர்க்காரர் ஒருவர் தம் காட்டை அடிவாரத்து ஆளிடம் ஒத்திக்கு விடுவதாக நினைத்துக் காகிதத்தில் கைநாட்டு வைத்தார். ஒத்தி என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததும் காடு கைக்கு வந்துவிடும். அவர் திருப்பிக் கொடுக்கப் போய் நின்ற அன்றுதான் அது கிரயப் பத்திரம் என்று தெரிந்தது. அவர் காட்டிலேயே அவர் இப்போது கூலிக்குக் களை எடுக்கிறார்.

மாமனாருக்கு எழுத்து தெரியாது. அந்தச் சேதி வந்த நாள் முதல் அவர் வாயில் ஒரே பேச்சு. "மலைக்குள்ளதான் வாய்ச்சொல்லு செல்லும். கீழ்நாட்டுல காயிதந்தான் பேசும்." வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் மலைமேல் எடப்புளி நாட்டில் இருக்கிறது; மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ஊர் என்றால் சரிவில் ஆங்காங்கே கிடக்கும் சில வீடுகள்தான். மாமனாருக்கு ஓடைக்கரையில் வயல், அதற்கு மேலே சாமை விதைக்கும் மேட்டுக்காடு, வீட்டுக்குப் பின்னால் பலாக்காடு. பலா மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறது. எல்லாமே அவர் தாமே புதர் வெட்டித் திருத்தியவை. பாட்டன் சொத்து என்று ஒரு பிடி மண் இல்லை. அதனால் யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பது அவர் இஷ்டம்.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவருக்கு மூன்று ஆண் குழந்தைகள். இளையவர் என் கணவர். எங்களுக்கு அப்போது ஒரே ஒரு பெண் குழந்தை. நடக்கவும் பேசவும் தொடங்கியிருந்தாள்.

ஒரு நாள் காலையில் எல்லோரும் களி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமனார் தம் முடிவைச் சொன்னார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"பெரியவனுக்கு வயலும் மேட்டுக்காடும். அவன் வெச்சுக்கிட்டாலும் சரி, வித்தாலும் சரி, நான் ஏன்னு கேக்க மாட்டேன். சின்னவனுக்குப் பலாக்காடு. ஆனா அது அவன் ஆயுசு மட்டுந்தான். பழத்தையும் மொளகையும் எடுத்துக்கட்டும். விக்கப்படாது, மரத்துல கை வெக்கப்படாது. அவனுக்கப்பறம் அந்தப் புள்ளைக்கு." சொல்லிவிட்டு மூலையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த என் மகளைக் கையால் காட்டினார்.

"எனக்கு?" என்றார் மாமியார்.

"உனக்கென்ன? நானிருக்கறேன்."

"நீங்க போயிட்டா?"

"பாத்தியாடா, என்ன அவசரம் இவளுக்கு! சரி. இந்த ஊட்டுல குடியிருக்கறதுக்கும் ஒரு பலாமரத்துக்கும் உன் ஆயுசு மட்டும் பாத்தியம்."

"எந்தப் பலா? வாசல்ல நிக்கற கூழப்பலாவா? சொளை கொழகொழங்கும், அதை நீங்களே வெச்சுக்கங்க. ஊத்துப் பக்கத்துல நிக்குதே வரிக்கை, அதைக் கொடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் வரிக்கையையே கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் பாகப் பேச்சு. களி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

என் கணவருக்கு மட்டும் ஏன் ஆயுசு வரைக்கும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. மழைக்காலத்தில் போர்த்தியிருந்த கம்பளியை யாரோ கேட்டார் என்று கழற்றிக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தவர். பலாமரத்துக்கு அடிவாரத்தில் எப்போதும் கேள்வி உண்டு. நிலைக்கும் கதவுக்கும் அதைத்தான் தேடுவார்கள். யாராவது வந்து நல்ல வார்த்தை நாலு பேசினால் இவர் மரத்தைக் காட்டிவிடுவார் என்று மாமனார் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"சரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு என் கணவர் கை கழுவப் போனார். பிறகு நான் மெல்லக் கேட்டபோது, "அண்ணனுக்கு முழுசு, எனக்கு ஆயுசு. செத்தப்பறம் எனக்கெதுக்குக் காடு?" என்று சிரித்தார். சிரித்ததால் நானும் அதை அதோடு விட்டுவிட்டேன்.

மாமனாரும் மூத்தாரும் கீழே இறங்கிப் போய்ப் பத்திரம் எழுதுகிறவரிடம் இதையெல்லாம் சொன்னார்கள். அவர் காவிரிக்கரைப் பக்கத்திலிருந்து வந்து ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரில் தொழில் செய்கிறவர். முத்திரைத்தாளில் எழுதுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லி நகல் ஒன்றை எழுதிக் கொடுத்தனுப்பினார். எங்கள் ஊரில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் பிறந்த வீடு வாசலூர்பட்டிப் பக்கம். அப்பா என்னை அடிவாரத்தில் விடுதியோடு இருந்த பெண்கள் பள்ளியில் சேர்த்து ஏழாவது வரை படிக்க வைத்தார். அந்தப் படிப்புக்கு மலையில் அதிக வேலை கிடையாது. யாருக்காவது கடிதம் வந்தால் படிப்பேன். இப்போது நகல் வந்தது.

எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தேன். மூத்தார் பங்கு முதலில் வந்தது. தானம், விக்கிரயம் எதுவானாலும் செய்துகொள்ளச் சர்வ சுதந்திர பாத்தியம் என்று இருந்தது. மாமியாரின் குடியிருப்பும் ஊற்றடி வரிக்கையும் ஒழுங்காக இருந்தன. மாமியார் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகு பலாக்காடு வந்தது. "என் இளைய குமாரன் தன் ஆயுள் பரியந்தம் மரங்களை வெட்டாமலும் வில்லங்கம் செய்யாமலும் பலனை மட்டும் அனுபவித்துக்கொண்டு, அவனுக்குப் பின் அவன் பிள்ளை சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவிக்க வேண்டியது."

"செரியா எழுதியிருக்கான்" என்றார் மாமனார். மூத்தார் தலையாட்டினார். என் கணவர் மகளின் தலையைத் தடவினார். காகிதத்தை மடிப்பதற்கு முன்னால் அந்த வரியை நான் இன்னொரு தடவை கண்ணால் படித்தேன்.

எங்கள் பக்கத்தில் புள்ளை என்றால் பெண். ஆணைப் பையன் என்றுதான் சொல்வோம். பேறுகால வீட்டுக்கு வெளியே நின்று "பையனா, புள்ளையா?" என்று கேட்பார்கள். பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவர்கூட "ஏ புள்ளை" என்றுதான் கூப்பிடுவார். என் கணவர் என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். ஆனால் பள்ளியில் சேர்ந்த வருஷம் எனக்கு ஒன்று நடந்தது. என் வீடு என்ற தலைப்பில் எழுதச் சொன்னார்கள். 'எங்கள் வீட்டில் ஒரு பையனும் ஒரு பிள்ளையும் இருக்கிறோம்' என்று எழுதினேன். தம்பியும் நானும் என்று பொருள். வெளியூரிலிருந்து வந்த டீச்சர் அதைச் சுழித்துவிட்டு, "பையன் என்றாலும் பிள்ளை என்றாலும் ஒன்றுதானே, நீ எங்கே போனாய்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. புத்தகத் தமிழில் பிள்ளை என்றால் மகன் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

ஆகையால் காதால் கேட்டால் அந்தப் பத்திரம் சரியாக இருந்தது. கண்ணால் படித்தால் வேறாக இருந்தது. எனக்கு மகன் பிறக்காமலே போனால், என் கணவருக்குப் பிறகு பலாக்காட்டை வாங்கிக்கொள்ளப் பத்திரத்தில் ஆள் இல்லை. அது மாமனாரின் ஆண் வாரிசுக்குத் திரும்பும். மூத்தாரின் மகன்கள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மகன் பிறந்தால் காடு அவனுக்கு. எப்படிப் பார்த்தாலும் மாமனார் விரல் நீட்டிக் காட்டிய குழந்தைக்கு அதில் இடமில்லை.

ஒருவேளை இது என் படிப்பினால் வந்த பயமோ என்றும் தோன்றியது. எழுதியவருக்குத் தெரியாதா, ஆபீசர் கேட்க மாட்டாரா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் ஒரு வேளை சமையல் முடிகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. சொல்லவும் தயக்கம். மருமகள் படித்தவள், நகலைப் படிக்கக் கொடுத்தால் தன் குழந்தைக்குச் சொத்துச் சேர்த்துக்கொள்கிறாள் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அதை நான் எப்படித் துடைப்பேன்?

இன்னொன்றும் இருந்தது. எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. மகளுக்குப் பிறகு ஒன்று தங்காமல் போனதால், இது உறுதிப்படட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும்கூட. வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால், பெண்ணுக்காக வாதாடி அதன் வாயிலிருந்து பிடுங்குகிறவளாக ஆவேனா? பெண்ணாக இருந்தால், இருவருமே வெளியே நிற்பார்களா? இரண்டு பக்கமும் என் குழந்தைகளாகவே இருந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பது?

மிளகு பறிக்கும்போது கணவரிடம் சொன்னேன். அவர் மூங்கில் ஏணியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏ புள்ளை, அப்பன் என்ன சொன்னாரு? புள்ளைக்குன்னாரு. அவன் என்ன எழுதியிருக்கான்? பிள்ளைன்னு எழுதியிருக்கான். அப்பறம் என்ன?"

"கோர்ட்டுல படிக்கறவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லீங்களே."

"நாம எதுக்குக் கோர்ட்டுக்குப் போறோம்?"

"நாம இருக்கற வரைக்கும் போக மாட்டமுங்க. நமக்கப்பறம்?"

அவர் கொடியை விலக்கி என்னைப் பார்த்தார். "எங்கண்ணன் அப்படிப்பட்டவனா?"

இல்லை. மூத்தார் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் பையன்கள் என் மகளை முதுகில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறவர்கள். நான் எந்த மனிதரையும் கண்டு பயப்படவில்லை. அந்தச் சொல்லைக் கண்டுதான் பயந்தேன். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

"உனக்கு அவ்வளவு சந்தேகமா இருந்தா அப்பங்கிட்ட நீயே சொல்லீரு" என்றார்.

சொல்லிப் பார்த்தேன். மாமனாருக்கு மோர் கொடுக்கும்போது, "மாமா, அந்த நகல்ல ஒரு சொல்லு..." என்று ஆரம்பித்தேன்.

"எழுத்துத் தப்பா கண்ணு? அதெல்லாம் அவனே பாத்துக்குவான். தலை நரைக்க நரைக்க எழுதறவன்" என்று சொம்பை வாங்கிக்கொண்டார். நான் உள்ளே வந்துவிட்டேன். அடுப்பருகே மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பதிவு செய்யும் நாளில் எல்லோரும் இறங்கினோம். முத்திரைத்தாளில் எழுதியதைக் கைநாட்டுக்கு முன்னால் படித்துப் பார்க்க நான் வரவேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். மாமியாரை யாரும் கூப்பிடவில்லை. "ஊத்தடி வரிக்கைன்னு எழுதறானா, வெறும் பலான்னு எழுதறானான்னு நான் பாக்கோணும்" என்று தானே கிளம்பினார். அவருக்கும் எழுத்து தெரியாது. என் மகளைக் கணவர் தோளில் வைத்துக்கொண்டார். கற்களில் கால் வைத்து இறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாமியார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அடிவாரத்திலிருந்து வண்டி பிடித்துப் போனோம். பத்திரம் எழுதுகிறவர் ஒரு வேப்பமரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டு, சாய்வுப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் வந்த சிலர் பக்கத்தில் காத்திருந்தார்கள். அவர் மரியாதை தெரிந்தவர். மாமியாருக்குப் பாய் போடச் சொன்னார். தாளை எடுத்து வைத்து மையைக் கலக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"அம்மாவுக்கு ரெண்டும் பிள்ளைங்களா? கொடுத்து வச்சவங்க. எனக்கு நாலும் பெண்ணு."

மாமியார் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "என்னங்க சொல்றீங்க? எனக்குப் புள்ளையே இல்லீங்க. ஒரு புள்ளை வேணும்னு வேண்டாத சாமியில்ல. ரெண்டும் பையனாவே பொறந்துருச்சு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். ரெண்டும் பிள்ளை."

"ஏனுங்க, கண்ணாடி போட்டிருக்கறீங்க, இது தெரியலீங்களா? ரெண்டு பேரும் உங்க எதுக்கத்தான நிக்கறானுக! அந்த மீசையைப் பாருங்க. புள்ளைக மூஞ்சியா அது?"

மூத்தார் தன்னையறியாமல் மீசையைத் தொட்டார். காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "ஆத்தா, அவரு பேச்சுல பிள்ளைன்னா பையனுங்க ஆத்தா" என்றார். மாமனாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"ஏனுங்க, நீங்க புள்ளைன்னா பையனைத்தான் சொல்லுவீங்களா?"

"பின்னே? பெண்ணுன்னா பெண்ணு, பிள்ளைன்னா பிள்ளை."

"அப்ப அந்தப் பலாக்காட்டை யாருக்கு எழுதியிருக்கறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான். சின்னவருக்குப் பிறகு அவர் பிள்ளைக்கு."

"அவனுக்குத்தான் பையனே இல்லியே!"

"இனிமே பிறப்பான்னுதான் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"பொறந்து கண்ணு முன்னால நிக்கறதுக்கு எழுதுங்கன்னா, பொறக்காததுக்கு எழுதி வெச்சிருக்கறீங்களே சாமி!"

எழுதுகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்மேல் தவறில்லை. அவர் காதில் விழுந்ததை அவர் எழுதினார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, நீ படிச்சியே. உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சதுங்க மாமா."

"அப்பறம் ஏன் வாயைத் தொறக்கல?"

எனக்கு முந்தி மாமியார் சொன்னார். "தொறந்தாளே. நீங்கதான அவன் பாத்துக்குவான்னு மோரைக் குடிச்சுட்டுப் போனீங்க."

மாமனார், என் கணவரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த என் மகளைக் காட்டி, "பேரைப் போட்டு எழுதுங்க. புள்ளையும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம். இவ பேரு" என்றார். எழுதுகிறவர் பெயரைக் கேட்டார். என் கணவர் சொன்னார். நகலில் பழைய சொல்லை அடித்துவிட்டுப் பேனாவை மையில் தொட்டார்.

நான் கேட்க நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. அதற்கு மேலேயும் கிடைத்துவிட்டது. பேர் போட்டு எழுதினால் அவள் ஒருத்திக்குத்தான். இன்னும் முகம் தெரியாத ஒன்று கதவுக்கு வெளியே நின்றுவிடும். ஆண்கள் அத்தனை பேருக்கு நடுவில் என்ன சொல்வது? மாமியார் பக்கம் குனிந்து காதில் சொன்னேன்.

"எத்தனை மாசம்?" என்று அவர் வாய்விட்டே கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இறங்கறப்பவே நெனச்சேன். ஏனுங்க, பேனாவைக் கீழ வெய்யுங்க. எழுதாதீங்க. இன்னும் ஒண்ணு வருதாமா."

வேப்பமரத்தடியில் அந்நியர்கள் முன்னிலையில் என் கணவருக்கு அந்தச் சேதி தெரிந்தது. அவர் என்னைப் பார்த்ததை நான் நிமிராமலே உணர்ந்தேன்.

எழுதுகிறவருக்கு இதெல்லாம் புதிதில்லை போலிருக்கிறது. "அதனால் என்ன? பிறக்காத குழந்தைக்கும் எழுதலாம். சட்டத்தில் இடம் இருக்கு. முதலில் உயிரோடு இருக்கிற ஒருத்தர் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கணும். சின்னவர் அனுபவிக்கிறார். அதுக்குப் பிறகு, பிறக்கிறவங்களுக்கு முழுசாகக் கொடுத்துடணும். அவங்களுக்கும் ஆயுள் மட்டும்னு நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

"அப்ப பொறந்ததுக்கும் பொறக்கப் போறதுக்கும்னு எழுதுங்க" என்றார் மாமனார். "பையனோ புள்ளையோ, எத்தனை பொறந்தாலும் ஒரே மாதிரி."

அப்போதுதான் மூத்தார் வாயைத் திறந்தார். "அப்பா, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா? புள்ளை நாளைக்குக் கட்டிக்கிட்டுத் தேவனூர் நாட்டுக்கோ எங்கியோ போயிரும். அவ ஊட்டுக்காரன் அந்தப் பங்கைக் கீழ்நாட்டான் ஒருத்தனுக்குக் கொடுத்துட்டா? என் வயலுக்குத் தண்ணி பலாக்காட்டு வழியாத்தான வருது. நடுவுல ஒரு வேத்தாளு உக்காந்துக்கிட்டான்னா நாங்க என்ன பண்றது? கல்யாணம் ஆனா அவ பங்கு ஊட்டோட நின்னுரும்னு ஒரு வரி சேத்துக்கலாமே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. பேராசைக்காரர் கேட்டிருந்தால் மனதுக்குள்ளாவது கோபப்பட்டிருப்பேன். அப்படியும் ஒரு பாத்தியம் எழுதலாம், கலியாணம் வரைக்கும் செல்லும், அதோடு அற்றுப்போகும் என்று எழுதுகிறவர் விளக்கினார்.

"கல்யாணம் பண்ணுனா காடு போயிரும்னா எவ பண்ணிக்குவா?" என்றார் மாமியார். "காட்டைக் கட்டிக்கிட்டு இங்கயே உக்காந்துக்குவா. அப்பறம் நீதான் அவளுக்குச் சோறு போடோணும், பாத்துக்க."

மூத்தாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் சிரிக்கவில்லை. தரையில் குச்சியால் கோடு இழுத்துக்கொண்டே யோசித்தார். வயல், ஓடை, பலாக்காடு என்று அந்தக் கோடுகள் எனக்குப் புரிந்தன.

"கொடுத்ததைப் புடுங்கறது ஆகாது" என்றார் கடைசியில். "ஆனா விக்கோணும்னா முதல்ல பங்காளி ஊட்டுல கேக்கோணும். அவங்க வேண்டாம்னா மட்டுந்தான் வெளியாளு. தண்ணி போற வழியை எவனும் மறிக்கப்படாது. இதை எழுதுங்க. பெரியவனே, போதுமா?"

"போதுங்கப்பா."

அப்படியே எழுதப்பட்டது. தற்சமயம் இருக்கும் பெண்ணும் இனிமேல் பிறக்கும் ஆண் பெண் மக்களும் சமபாகமாய் என்று நான் முத்திரைத்தாளில் படித்தேன். மறுபடியும் படித்தேன். மக்கள் என்ற சொல்லுக்கு யாராவது வேறு பொருள் சொல்வார்களோ என்று அதையும் கேட்டுவிட்டேன். "ஆண் பெண் என்று முன்னாலேயே போட்டிருக்கேனேம்மா" என்றார் எழுதுகிறவர், பொறுமையாக. ஆபீசுக்குள் அதிகாரி மாமனாரிடம், சுயபுத்தியோடும் சம்மதத்தோடும் எழுதிக் கொடுக்கிறீரா என்று கேட்டார். "ஏனுங்க, என்னைப் பாத்தாப் பைத்தியமாத் தெரியுதுங்களா?" என்று மாமனார் கேட்டதும், அது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்று குமாஸ்தா சமாதானம் சொன்னார். கட்டைவிரல் மை காய்வதற்குள் மாமியார் வரிக்கை எந்த வரியில் இருக்கிறது என்று என்னைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த வரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இத்தனை நடந்ததில் என் கணவர் மகளின் பெயரைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மலை ஏறும்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். எனக்காக அவர் மெல்ல நடந்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"தங்குமோ தங்காதோன்னு பயமா இருந்ததுங்க."

"ம்" என்றார். ஒரு திருப்பம் தாண்டிய பிறகு, "காட்டுக்காகச் சொன்ன" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். காட்டுக்காக இல்லை, குழந்தைக்காக என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அந்தக் காட்டை ஆயுசு வரைக்கும் மட்டும் வைத்துக்கொள் என்று அவர் தகப்பனார் சொன்னபோது, என் கணவருக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றவுமில்லை. அதை நினைத்துக்கொண்டே ஏறினேன்.

குழந்தை ஆணாகப் பிறந்தது. பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "அவசரப்பட்டுட்டியே, பேசாம இருந்திருந்தா முழுக்காடும் இவனுக்கு வந்திருக்குமே" என்றாள் ஒருத்தி. மூத்தார் குழந்தையின் கையில் ஒரு வெள்ளிக்காசை வைத்துவிட்டு, "என் தண்ணியை மறிச்சறாதடா" என்று சொல்லிச் சிரித்தார். சரிவில் அடுக்கடுக்காகக் கிடக்கும் அந்தக் காட்டை எப்படி இரண்டாகப் பிரிப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வராது. ஊற்று ஒரு பக்கம்தான் இருக்கிறது. நல்ல மரங்களெல்லாம் மேல் அடுக்கில். ஒன்றாக வளர்கிறவர்களை நான் பங்காளிகளாக்கிவிட்டேனோ?

மகன் தொட்டிலில் இருந்த காலத்தில் அடிவாரத்து மர வியாபாரி ஒருவர் வந்தார். நான் உள்ளே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சு கேட்டது. மேல் அடுக்கில் நிற்கும் பெரிய மரத்தை அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார். மகளுக்குக் கலியாணம், வீட்டுக்கு நிலை வைக்கவேண்டும், உங்களைப் போல நல்ல மனுஷரை நம்பித்தான் மலை ஏறினேன் என்று அவர் உருக்கமாகப் பேசிக்கொண்டே போனார். எழுந்து கதவருகில் போய் நின்றேன்.

"இல்லீங்க" என்றார் என் கணவர். அந்தச் சொல்லை அவர் வெளியாளிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வெட்டற பாத்தியம் எனக்கில்லீங்க."

"உங்க காட்டுல உங்களுக்கில்லாத பாத்தியமா? வெளையாடாதீங்க."

"என் காடு இல்லீங்க. நான் பழம் திங்கறவன் மட்டுந்தான். காட்டுக்காரி அதா அங்க மண்ணுல வெளையாடறா. இன்னொருத்தன் தொட்டில்ல கெடக்கறான். அவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க."

வியாபாரி என் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வருத்தமில்லாமல்தான் போனார். என் கணவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மரம் தப்பியது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் குரலில் இருந்தது என்ன என்று மட்டும் புரியவில்லை. விளையாட்டாகவும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது.

அவர் உள்ளே வந்ததும், "உங்களுக்கு மனசுக்குச் சங்கடமுங்களா?" என்று கேட்டேன்.

"முழுசாக் கொடுத்திருந்தா இன்னிக்கு மரம் போயிருக்கும்" என்றார். "அப்பனுக்கு என்னைத் தெரிஞ்சிருக்குது."

கூடையை எடுத்தார். கொடியில் மிளகு பழுத்துவிட்டது, பறிக்க வேண்டும்.

"உனக்கும் தெரிஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மகள் அவர் பின்னாலேயே ஓடினாள்.

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. எடுத்துப் பால் கொடுத்தேன்.